மூத்தவன் கதைக்கு முதல் தரச் சான்றிதழ்

என் மகள் மிர்தா மே மாதம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டும். வெள்ளை உடுப்பு தைத்தாகிவிட்டது, காலணி வாங்கியாகிவிட்டது, மெழுகுவர்த்திகூட வந்துவிட்டது. பாக்கி இருந்தது எங்கள் குடும்பத்தின் ஒழுக்கம் மட்டும்தான். அதை நான்கு பிரதிகளில் எழுதி, ஆயர் இல்லத்துக்கு எடுத்துப்போய், முத்திரை குத்தி வாங்கி வரவேண்டும் என்று ஜனவரியில் உத்தரவு வந்தது. முத்திரை இல்லாத பிள்ளைக்கு நன்மை கிடையாது.

தொடக்கத்தில் இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள், அவரவர் வீட்டுக் கதையைச் சொல்லி நல்லொழுக்கம் கற்பித்தால் விழித்திருப்பார்கள் என்று யாரோ ஒரு நல்ல சாமியார் யோசனை சொன்னாராம். அவரை உடனே ஒரு தீவுக்கு மாற்றிவிட்டு, யோசனையை நிறைவேற்ற ஒரு மன்றம் அமைத்தார்கள். குடும்ப நற்கதை மதிப்பீட்டு மன்றம். அதற்கு ஒரு அறை, இரண்டு மேசை, ஆறு முத்திரை.

மன்றம் விதிகள் வகுத்தது. கதையின் நற்குணம் பன்னிரண்டாவது வரிக்குள் தெரிந்துவிட வேண்டும். பாவம் வந்தால் அதே பக்கத்தில் மனம் வருந்தி மனஸ்தாபப்பட வேண்டும். பக்கம் திருப்பிய பிறகு படுகிற மனஸ்தாபம் செல்லாது. கதையில் ஒரு விலங்காவது இருப்பது விரும்பத்தக்கது. சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும், அவர்கள் மூன்று தலைமுறைக்குள் ரத்த உறவாக இருக்கக்கூடாது.

எங்கள் ஊரில் நூற்று நாற்பது வீடு. கல்லை விட்டெறிந்தால் சித்தப்பா மகன் மேல்தான் விழும். உறவில்லாத சாட்சிக்கு எங்கே போவது? நல்லவேளையாக, அந்த வாரம் ஒரு செக் நாட்டுக்காரரும் அவர் மனைவியும் கார் பழுதாகி எங்கள் ஊரில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் பாஷை ஒரு சொல் தெரியாது. கார் சரியாகும் வரை முப்பத்தொரு குடும்பத்தின் ஒழுக்கத்துக்கு அவர்கள்தான் சாட்சி. போகும்போது பன்றித்தொடை உப்புக்கண்டமும் ரக்கியாச் சாராயமும் காருக்குள் இடமில்லாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். என் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான்.

பெயர் வின்கோ. நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். மூன்று மாடி வீடு. அவன் மகன் ஷிமேயும் என் மகளும் ஒரே வயது, ஒரே நாளில் புதுநன்மை. அப்பா என் வீட்டில்தான் இருக்கிறார். எண்பத்தொரு வயது. அவருக்குச் சூப்பு ஆற்றிக் கொடுப்பதும், மூட்டுக்கு எண்ணெய் தேய்ப்பதும், அவர் திராட்சைத் தோட்டத்தைக் கொத்துவதும் நான். ஆனால் சாலையில் வின்கோவின் கார் ஹாரன் கேட்டால், கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவார். என் டிராக்டர் சத்தத்துக்கு அவர் ஒருநாளும் திரும்பியதில்லை. டிராக்டர் சத்தம் காருடையதைவிடப் பெரியது.

உத்தரவு வந்த மறுநாளே வின்கோ பட்டணத்துக்குக் காரில் போய் எங்கள் தாத்தா கதையைப் பதிவு செய்துவிட்டான். போர்க்காலப் பஞ்சத்தில், வரப்புச் சண்டைக்காரன் வீட்டுக்குத் தாத்தா பாதி மாவைத் தூக்கிக் கொடுத்த கதை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. உண்மையில் மாவைக் கொடுத்தவன் வரப்புச் சண்டைக்காரன். வாங்கித் தின்றது தாத்தா. அதுவும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தம்பி பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பொய்யில் எனக்கும் சரிபாதி உரிமை இருந்தது. ஒரு தாத்தாவை ஒருமுறைதான் பதிவு செய்யலாம் என்பது மன்றத்தின் ஒன்பதாவது விதி.

அவனே வந்து சொன்னான். வருத்தப்படுகிற முகத்தோடு வந்தான், அதுதான் என்னால் தாங்க முடியாதது.

"அண்ணே, அந்த விதி எனக்குச் சத்தியமா தெரியாது. வேணும்னா வாபஸ் வாங்கிடறேன். நீங்க தாத்தாவ எடுத்துக்குங்க."

"நீ தின்னு மிச்சம் வச்சத நான் எடுத்துக்கணுமா? போடா."

"அப்படி இல்லண்ணே. விருந்தாவது சேந்து வைப்போம். ரெண்டு புள்ளைங்களுக்கும் எங்க வீட்டுத் தோட்டத்துலயே."

"உன் வீட்டு வாசப்படிய நான் மிதிச்சிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன கேள்வி?"

அவன் அப்பாவிடம் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அப்பா அன்று ராத்திரி சூப்பை முழுதும் குடித்தார். மற்ற நாட்களில் பாதிதான் குடிப்பார்.

வேறு கதை தேடிப் புறப்பட்டேன். ஒரு குடும்பத்தில் தோண்டினால் ஒரு நல்லவராவது அகப்படாமலா போவார்? எனக்குப் பெர்கா அத்தை அகப்பட்டாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பத்தொன்பது வருஷம் பார்த்துக்கொண்டவள். எழுதி எடுத்துக்கொண்டு பட்டணம் போனேன்.

மன்றத்தின் வாசலில் கூட்டம். எனக்கு முன்னால் ஒரு மனிதர் அழுதுகொண்டிருந்தார். அவருடைய சித்தப்பா ஆற்றில் விழுந்த ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்றிவிட்டு, தான் மூழ்கிப் போனவர். கதை பிரமாதம், ஆனால் கதாநாயகர் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும் என்கிறார்களாம்.

உள்ளே இருவர் இருந்தார்கள். தலைவர் எராஸ்மோ சாமியார். மெலிந்த மனிதர், தாளை எடுத்தால் முதலில் அதன் ஓரத்தை அளவுகோலால் அளப்பார். செயலாளர் ஸ்டெங்கா அம்மாள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, மார்பில் சங்கிலி கட்டிய கண்ணாடி.

"பத்தொன்பது வருஷம்னு போட்டிருக்கீங்க" என்றார் எராஸ்மோ. "நல்லது நடந்த தேதி எது?"

"தினமும் நடந்துச்சு சாமி."

"தினமும் நடக்கிறது பழக்கம். நாங்க சம்பவத்தத்தான் எடுத்துக்குவோம். பழக்கத்துக்குப் படிவம் இன்னும் அச்சாகல."

"விலங்கும் இல்ல" என்றாள் ஸ்டெங்கா அம்மாள்.

"ஒரு பூனை இருந்துச்சும்மா."

"கதையில என்ன செஞ்சுது?"

"படுத்துக் கிடந்துச்சு."

அவள் 'விலங்கு: சோம்பேறி' என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் யாகோவ் மாமாவை எடுத்துப்போனேன். கூரையிலிருந்து விழுந்து கால் முறிந்தும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லாதவர். எங்கள் மலைப்பக்கத்து ஆண்பிள்ளைக்கு அது சாதாரண புண்ணியம் அல்ல. வாயால் சொல்லவில்லை சரி, மனத்துக்குள் சொல்லவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சாமி, எங்க வீட்டுல இருக்கிற மனுஷங்க இவ்வளவுதான். நீங்க கேக்குற மாதிரி ஆளுங்க உங்க குடும்பத்துலயாவது இருக்காங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். "எனக்குக் குடும்பம் கிடையாது. ஸ்டெங்கா அம்மாவுக்கும் கிடையாது, இருக்கிற ஒரே தங்கச்சியோட பேச்சு வார்த்தை இல்ல. அதனாலதான் ஆயர் எங்க ரெண்டு பேரையும் தேர்ந்தெடுத்தார். குடும்பத்தோட இருக்கிறவங்க குடும்பத்தப் பத்தி நடுநிலையா தீர்ப்புச் சொல்ல முடியாது. இரக்கம் வந்துடும். இரக்கம் வந்துட்டா மதிப்பெண் போட முடியாது."

அது சரியென்று பட்டதால் வணங்கிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால், கோழிக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த என் மனைவி நெதில்கா தலைநிமிராமலே கேட்டாள்.

"மாமாவும் விழுந்துட்டாரா?"

"மறுபடியும் விழுந்துட்டார்."

"ஷிமே கதைய ஞாயித்துக்கிழமை கோயில் பலகையில ஒட்டிட்டாங்க. பச்சை முத்திரை. இரண்டாந்தரம்."

இரண்டாந்தரம் என்று கேட்டதும் எனக்குள் ஒரு கதவு திறந்தது. அப்படியானால் முதல் தரம் என்று ஒன்று இன்னும் காலியாக இருக்கிறது.

"இப்ப எதுக்குங்க சிரிக்கிறீங்க?" என்றாள். "உங்க சிரிப்பப் பாத்தா பால் திரிஞ்சிடும்."

மேசையில் போய் உட்கார்ந்தேன். தேடித் தேடி அலைந்த கதை என் தொண்டைக்குள்ளேயே இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. நீதி என்ற நற்குணத்தின் கீழ், ஒரே மூச்சில் எழுதினேன்.

ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் இருபத்து மூன்றாம் வயதில், "நீங்க போனதுக்கப்புறம் குடுக்கிறத இப்பவே குடுத்துடுங்க" என்று தகப்பனிடம் கேட்டான். தகப்பன் மேட்டுப் புல்வெளியை விற்றுக் கொடுத்தார். இளையவன் ஃபிராங்ஃபர்ட் போனான். சூதாட்ட இயந்திரங்களுக்கும் சொல்லத் தகாத சிநேகிதிகளுக்கும் அந்தப் புல்வெளியை மேயக் கொடுத்தான். கடைசியில் பன்றி அறுக்கும் ஆலையில் தொட்டி கழுவினான். ஆறு வருஷம் கழித்து ஒரு பிளாஸ்டிக் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். கைத்தடி இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகாத தகப்பன், சாலை வரை ஓடினார். மூத்தவன் இரண்டு வருஷம் தீனி போட்டு வளர்த்த எருதை அறுத்துக் கம்பியில் சுட்டார்கள். அக்கார்டியன் வாசித்தார்கள். மூத்தவன் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தான். பாட்டுச் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றான். தகப்பன் வெளியே வந்து அவனிடம் என்னவோ சொன்னார். மூத்தவன் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளே போகவுமில்லை. பதினொரு வருஷமாக அந்த மாதிரி எந்த விருந்துக்கும் அவன் போகவில்லை.

எழுதி முடித்து, விதிகளோடு சரிபார்த்தேன். விலங்குகள்கூட இரண்டு இருந்தன.

மிர்தா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். எட்டு வயது, வேகமாகப் படிப்பாள்.

"இந்தக் கதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்குப்பா."

"நம்ம வீட்டுல தினமும் கேக்குற கதைதானே."

"வீட்டுல இல்லப்பா. வேற எங்கயோ."

"போய்ப் படு."

அவள் போகவில்லை. "அப்புறம் நீங்க உள்ள போனீங்களா இல்லையா?"

"கதை அதோட முடிஞ்சிடுச்சு."

"முடிஞ்ச மாதிரி இல்லயேப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதாபாத்திரங்கள் எல்லோரும் சம்மதம் தரவேண்டும் என்பதால் அப்பாவிடம் தாளை நீட்டினேன். அப்பாவுக்குக் கோயில் என்றால் கோயில்தான். சாமியார் மழை என்றால் வெயிலிலும் குடை பிடிப்பார். திருச்சபையின் தாளை அவர் வாழ்நாளில் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டதில்லை. படித்தால் சந்தேகப்பட்ட பாவம் வந்துவிடுமாம்.

"கோயில் தாளா? எங்கடா போடணும்?"

"இங்கப்பா."

"மிர்தாவுக்கு நல்லது நடக்குமில்ல?"

"நடக்கும்."

போட்டார். வின்கோவின் கையெழுத்தை நானே போட்டேன். அவன் கையெழுத்து சுலபம். சின்ன வயதில் அவன் வீட்டுப்பாடத்தை நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

பத்து நாளில் அழைப்பு வந்தது. இந்தமுறை எராஸ்மோ சாமியார் எழுந்து நின்று கைகொடுத்தார். மேசையில் என் கதை இருந்தது, முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

"கதை அருமை. ஆனா இந்தத் தகப்பன்!" அவர் குரல் நிஜமாகவே கலங்கியது. "ஊர் சுத்திட்டு வந்தவன எங்க போனே, என்ன செஞ்சேன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? அவன் மன்னிப்புக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார். வரிசை தப்பு. மனஸ்தாபம் முதல்ல, கட்டிப்பிடிக்கிறது அப்புறம், அதுவும் தேவைப்பட்டா."

"நாப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினவ நான்" என்றாள் ஸ்டெங்கா அம்மாள். "இதப் படிச்சா நாளைக்கு எல்லாப் பிள்ளையும் பஸ் ஏறிடும்."

"அதவிட ஒண்ணு இருக்கு" என்று எராஸ்மோ குரலைத் தாழ்த்தினார். "குழந்தைங்க தகப்பனப் பாத்துத்தான் கடவுளப் புரிஞ்சுக்குது. இப்படி ஒரு தகப்பனக் காட்டினா, கடவுளப் பத்தி என்ன நினைக்கும்?"

நான் பயந்துபோனேன். "அப்ப இதுவும் தள்ளுபடியா சாமி?"

"தள்ளுபடியா? இந்த மூத்தவன் இருக்கானே, ஒழுங்கா வேலை செஞ்சவன், கீழ்ப்படிஞ்சவன், அநியாயத்தக் கண்டா வாசல்லயே நின்னவன். கதையில இவன் ஒருத்தன்தான் நல்ல கிறிஸ்தவன். மன்றம் இவன மனசார அங்கீகரிக்குது."

பதினொரு வருஷத்தில் என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டெங்கா அம்மாள் ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்து, அதற்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

முடிவை மட்டும் அவர்களே திருத்தியிருந்தார்கள். தட்டச்சு செய்த தாளை எராஸ்மோ வாசித்தார். தகப்பன் தன் தவற்றை உணர்கிறார். எல்லோர் முன்னிலையிலும் மூத்த மகனிடம் வந்து, "நான் தவறு செய்தேன், என்னை மன்னித்துவிடு" என்று கேட்கிறார். இளையவன் இனி வீட்டில் மகனாக இல்லாமல் வேலைக்காரனாக வைக்கப்படுகிறான். நீதி நிலைநாட்டப்படுகிறது.

"இப்படி நடக்கலயே சாமி" என்றேன். ஒப்புக்குத்தான் சொன்னேன்.

"நடந்திருக்க வேண்டியது இதுதானே?"

மறுக்க எனக்கு மனம் வரவில்லை. திருத்திய கதையும் சேர்ந்து அச்சான, தங்க ஓரம் போட்ட முதல் தரச் சான்றிதழைக் கையில் வாங்கினேன். மறைமாவட்டத்திலேயே முதல் தரம் எங்களுடையது ஒன்றுதான். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு எராஸ்மோ சாமியாருக்கு ஓய்வு இருந்தது. அன்று அவரே எங்கள் கோயிலுக்கு வருவதாகவும், பூசை நடுவில் மிர்தா கதையை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று.

திரும்பி வரும் வழியில் டயர் கடையைத் தாண்டும்போது டிராக்டரை மெதுவாக்கினேன். வின்கோ குனிந்து ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன். பல வருஷம் கழித்து அசைத்ததால் அவன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து வாடைக்காற்று கோயில் கதவை அடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் நிரம்பியிருந்தது. இடப்பக்கப் பெஞ்சில் அப்பாவும் வின்கோவும். அப்பாவை அவன் காரில் ஏற்றி வந்திருந்தான். டிராக்டர் அப்பாவின் இடுப்புக்கு ஆகாது. வலப்பக்கம் நானும் நெதில்காவும் மிர்தாவும். பீடத்தின் அருகே சிவப்பு நாற்காலியில் எராஸ்மோ சாமியார், அவர் பின்னால் கோப்புடன் ஸ்டெங்கா அம்மாள்.

எங்கள் பங்குச் சாமியார் போனே நற்செய்தி வாசிக்க நின்றார். எராஸ்மோ கண்ணை மூடிக்கொண்டார். கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் நற்செய்தியின்போது அவர் எப்போதும் சற்று ஓய்வெடுப்பாராம்.

இரண்டு மகன்கள் உள்ள ஒரு மனிதரைப் பற்றி இயேசு சொன்ன கதை அது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இளையவன் தன் பங்கைக் கேட்டான். தூர தேசம் போனான். போனே சாமி தாளைத் திருப்பினார். பன்றிகள் வந்தபோது எனக்குக் காது சுட ஆரம்பித்தது.

நெதில்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே பார்க்கத் தெரிந்தவள் அவள்.

"அப்பா" என்று மிர்தா என் கையை இழுத்தாள். "நான் சொன்னேன்ல, வேற எங்கயோன்னு."

போனே சாமி வாசித்துக்கொண்டே போனார். கன்று அறுத்தார்கள். பாட்டும் ஆட்டமும். மூத்தவன் வயலிலிருந்து வந்தான், வாசலில் நின்றான். தகப்பன் வெளியே வந்தார். மகனே, நீ எப்போதும் என் கூடத்தானே இருக்கிறாய், என்னிடம் இருப்பதெல்லாம் உன்னுடையதுதானே என்ற பொருளில் ஏதோ சொல்லி அவனை உள்ளே வரும்படி கெஞ்சினார். அன்று வாசலில் அப்பா சொன்னதும், நான் காதில் வாங்காததும், என்னவாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

வாசகம் முடிந்த சத்தத்தில் எராஸ்மோ விழித்துக்கொண்டார். எழுந்து வந்தார்.

"அன்பானவர்களே! பழைய கதைகளையே எத்தனை நாள் கேட்பது? இதோ, இதுவரை யாரும் கேட்டிராத புத்தம் புதிய குடும்பக் கதை ஒன்றை, திருத்தப்பட்ட முடிவுடன், இந்தக் குழந்தை வாசிப்பாள். ஒழுக்கம் என்றால் என்ன என்று இன்றுதான் உங்களுக்குப் புரியும்."

நான் எழுந்து தடுக்கப் போனேன். ஸ்டெங்கா அம்மாள் உதட்டில் விரல் வைத்து என்னை உட்காரச் சொன்னாள். மிர்தா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மேடையேறினாள். என்ன செய்வாள், சான்றிதழ் இல்லாவிட்டால் நன்மை இல்லை என்று நான்தான் தினமும் சொல்லி வைத்திருக்கிறேனே.

தெளிவாக வாசித்தாள். "இப்பத்தானே கேட்டோம்" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். "அது வேற, இது பாரிஷாவோடது" என்று வேறு யாரோ சொன்னார்கள். பாரிஷா என்பது என் பெயர். ஃபிராங்ஃபர்ட் என்ற ஊர்ப்பெயர் வந்தபோது வின்கோ தலையைக் குனிந்தான். மூத்தவன் வாசலில் நின்றதோடு கதை நின்றுவிடாதா என்று நான் ஏங்கினேன். தகப்பன் மன்னிப்புக் கேட்டார். இளையவன் வேலைக்காரனானான். நீதி நிலைநாட்டப்பட்டது. எராஸ்மோ சாமியார் மட்டும் கைதட்டினார்.

கைதட்டல் அடங்கியதும் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றிருந்தார்.

வின்கோ கைகொடுத்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா நடுவழியைக் கடந்து ஒவ்வோர் அடியாக என் பக்கம் வந்தார். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிவிட நினைத்தேன்.

"கோயில்ல வாசிச்சுட்டாங்க" என்றார் அப்பா. "வாசிச்சா செய்யணும்ல. நான் தப்புப் பண்ணிட்டேன்டா, பாரிஷா. என்ன மன்னிச்சுடு."

"அப்பா, உக்காருங்கப்பா."

"இருடா, இன்னும் இருக்கு. எருத அறுத்தப்ப உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். நீ என் கூடவே இருக்கிறதால கேக்கணும்னே தோணல. என் கையக் கேட்டா நான் சோறு தின்னுறேன்? அந்த மாதிரி விட்டுட்டேன்." மூச்சு வாங்கினார். "ஆனா எழுதினதுல ஒண்ணு மட்டும் என்னால முடியாதுடா. இவன வேலைக்காரனா வைக்க முடியாது. அத மட்டும் சாமிகிட்டச் சொல்லி அடிச்சுடச் சொல்லு. உன்னக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

எராஸ்மோ சாமியார் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. "முடிவை மாத்துறதுன்னா அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், முடிவு மாறினா சான்றிதழ் ரத்து. சான்றிதழ் ரத்தானா குழந்தைக்கு மே மாசம் நன்மை இல்ல. தவிர, மாத்தினா இந்தக் கதை, ஏற்கெனவே வேற ஒருத்தர் சொன்ன கதை மாதிரி ஆயிடுது. காலையில எங்கயோ கேட்ட ஞாபகம்."

ஸ்டெங்கா அம்மாள் கோப்பைத் திறந்து பேனாவை நீட்டினாள். "சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். உறவில்லாதவங்க."

கோயில் முழுக்க உறவுக்காரர்கள். மிர்தா மேடையிலிருந்து இறங்கி வந்து, தங்க ஓரத் தாளை என் முன்னால் நீட்டினாள்.

"அடிங்கப்பா" என்றாள்.

"உனக்கு நன்மை கிடைக்காதும்மா."

"வெள்ள உடுப்ப மடிச்சு வச்சுடாதீங்க" என்றார் போனே சாமி, யாரையும் பார்க்காமல், பீடத்து மெழுகுவர்த்தியைச் சரி செய்தபடி. "மே மாசம் பூசை வைக்கிறது நான். எனக்கு முத்திரையெல்லாம் படிக்கத் தெரியாது."

பேனாவை வாங்கினேன். முதலில் வேலைக்காரன் வரியை அடித்தேன். பிறகு மன்னிப்பு வரியையும் அடித்தேன், தாள் கிழிந்துவிட்டது.

வின்கோ அழுதுகொண்டிருந்தான். "அண்ணே, இன்னிக்கு மதியம் எங்க வீட்டுல சூப்பு வச்சிருக்கா. வெறும் சூப்புதான். வாங்கண்ணே."

"எருது இல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. கோழி."

வருகிறேன் என்றேன். அதற்கு மேல் நான் திருந்திவிட்டதாக யாரும் எழுதிவிட வேண்டாம். பூசை முடிந்ததும் அப்பா இருவரையும் அழைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஒரு பக்கம் நான் என் தோளைத் தாழ்த்திக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். படி இறங்கும் வரை அவர் கை வின்கோவின் தோளிலேயே இருந்தது.